காயாத வார்னீஷ்

கோபம் வந்தால் முத்தாத்தாளின் குரல் ஏறாது, இறங்கும். பெரியநாயக்கன்பாளையத்துப் பருத்தித் தரகர்கள் எல்லோருக்கும் இது தெரியும். எடை போடும்போது அவள் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தால் பயமில்லை. பேச்சு தணிந்து, "ஏனுங்க, அந்தத் தராசை இன்னொருக்காத் தூக்குங்க, பாக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னாளானால் தரகருக்கு வேர்த்துவிடும்.

அவள் பிறந்தது தாராபுரத்துப் பக்கம், அமராவதிக் கரையில். ஆற்றுத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவள் ஈஸ்வரமூர்த்திக்கு வாழ்க்கைப்பட்டு, மலையடிவாரத்து வறண்ட காட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அவர் உள்ளே இறங்கி வெட்ட, இவள் மேலே நின்று மண் சுமந்தாள். தண்ணீர் வந்தது, பருத்தி வந்தது. பைக்காரா மின்நிலையத்துக் கரண்டு ஊருக்குள் வந்ததும் தோட்டத்து ஓரத்திலேயே ஒரு அரவைக் கொட்டகை போட்டு, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் மெஷின்களை இறக்கினார்கள். வெளிவேலை அவருடையது. கொட்டகைக்குள் வேலை செய்த பெண்களும் மெஷின்களும் இவள் பொறுப்பு. அந்த நாட்களில் புருஷன்மேல் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் ஈஸ்வரமூர்த்தி கார் வாங்கினார். மயில் கழுத்துப் பச்சை. ஓட்டுவதற்குக் கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து யூனுஸ் என்ற டிரைவர் வந்தார். ஊரே திரண்டு வந்து பார்த்தது. முத்தாத்தாளும் புதுச்சேலை உடுத்திப் பின்சீட்டில் ஏறிப் பேரூருக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வந்தாள். வழியெல்லாம் காற்று முகத்தில் அடித்தது அவளுக்குப் பிடித்திருந்தது. "மாட்டுவண்டியில இடுப்பு ஒடிஞ்ச காலம் போச்சுங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. சந்தை நாளில் ஒரு காளை தலையை ஆட்டியபோது கொம்பு முன் மட்கார்டில் உரசி ஒரு கீறல் விழுந்தது. விரல் நீளம்கூட இருக்காது. ஈஸ்வரமூர்த்தி அன்று சாப்பிடவில்லை. கீறலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கோயமுத்தூரில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த சீனிவாசலுவுக்கு இந்தச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. சைக்கிளில் வந்து இறங்கினார். கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். கையில் ஒரு டின். பெயிண்ட் அடித்த தகரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் பாதிக்குத்தான் அவருடைய வார்னீஷ் பூசியிருந்தது. மண்ணை அள்ளி அதன்மேல் தேய்த்தார். பூசாத பாதி சொரசொரத்தது, பூசிய பாதி கண்ணாடிபோல் நின்றது.

"பெயிண்டுங்கறது சட்டைங்க. இது சட்டைக்கு மேல போடற கோட்டு. வெயில், மழை, காக்காய் எச்சம், புளியமரத்துப் பிசின், எதுவும் உள்ள எறங்காதுங்க" என்றார்.

"அந்தக் கோட்டுக்கு மேல என்னத்தைப் போடறதுங்க?" என்று கேட்டாள் முத்தாத்தாள்.

சீனிவாசலு சிரித்தார். ஈஸ்வரமூர்த்தி சிரிக்கவில்லை. டின்னைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசினார்கள். காய ஒரு வாரம் ஆகும், அதுவரை தூசி படவே கூடாது என்று சீனிவாசலு சொன்னதால் கார் கொட்டகைக்குக் கதவு போட்டு, பூட்டுப் போட்டு, சாவியை ஈஸ்வரமூர்த்தி இடுப்பில் செருகிக்கொண்டார். காய்ந்த பிறகாவது கார் ஓடியதா என்றால் அதுவும் இல்லை. மழையில் எடுத்தால் சேறு படும். வெயிலில் எடுத்தால் நிறம் வெளுக்கும். சந்தை நாளில் மாட்டுக் கொம்பு இருக்கிறது. கோயில் நோம்பிக்குப் போனால் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். மழைக்காலம் முடிந்ததும் சீனிவாசலு மறுபடி வந்தார், மறுபடி பூசினார். வீட்டுக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்களை ஈஸ்வரமூர்த்தி கொட்டகைக்கு அழைத்துப்போய்க் காரைக் காட்டிவிட்டு மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார்.

யூனுஸுக்கும் அதில் ஒரு பெருமைதான். "மில் முதலாளிங்க காருகூட இப்படி மினுங்காதுங்க அம்மா" என்பார். ஓட்டாத காருக்கு எதற்கு டிரைவர் என்று முத்தாத்தாள் கேட்டால், துணியை எடுத்துக்கொண்டு விளக்குகளைத் துடைக்கப் போய்விடுவார்.

இரண்டாவது பூச்சு பூசிய மறுநாள் தாராபுரத்திலிருந்து ஆள் வந்தான். முத்தாத்தாளின் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வரச் சொன்னார்கள் என்றான்.

முத்தாத்தாள் புருஷனைப் பார்த்தாள். அவர் கார் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"நேத்துத்தான் பூசுனது, அம்மணி. தாராபுரம் ரோட்டுல தூசி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? பஸ்ஸுல போயிரலாம். பொழுதோட போய்ச் சேந்துரலாம்."

அவள் உள்ளே போனாள். பையில் ஒரு சேலையைத் திணித்துக்கொண்டு கிளம்பினாள். கோயமுத்தூரில் பஸ் மாறினார்கள். பல்லடம் தாண்டியதும் அந்த பஸ் நின்றுபோனது. சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உடலை எடுத்துவிட்டிருந்தார்கள்.

தங்கை குழந்தையம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்ற பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தா, அக்கா. முத்தா ஊட்டுல காரு வாங்கியிருக்கறாங்க, அதுல வந்துருவா, அதுல வந்துருவான்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தா."

ஈஸ்வரமூர்த்தி தூணில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மாமியாரிடம் அவருக்கு நிஜமாகவே பிரியம் உண்டு. அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க முத்தாத்தாளுக்கு உடம்பு எரிந்தது. புருஷனைவிடத் தன்மேல்தான் ஆத்திரம் அதிகமாக வந்தது. பூட்டின் முன்னால் நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? தங்கை சொன்னதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகும் அவள் பேச்சு குறைந்தே இருந்தது. அதைத் துக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த பங்குனியில் மயில் கழுத்துப் பச்சை வேறு நிறமாகியிருந்தது. வார்னீஷ் பழுத்து, கார் முழுக்க வேப்பெண்ணெய் தடவியதுபோல மஞ்சள் பாய்ந்து கிடந்தது. எஞ்சின் மூடியின்மேல் குளத்து வண்டல்போலப் பாளம் பாளமாக வெடிப்பு. சீனிவாசலு வந்து பார்த்தார். "எஞ்சின் சூட்டுல அப்படித்தானுங்க ஆகும். மேல இன்னொன்னு பூசிட்டா வெடிப்பு மூடிக்கும்" என்றார். பூசினார்கள்.

அது அரவை மும்முரமாக நடக்கும் காலம். கொட்டகைக்குள் மெஷின்களின் இரைச்சல். வெளியே முற்றம் முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. வெங்கடலட்சுமி என்ற பெண் ஓர மெஷினுக்குப் பருத்தி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயாடி. மெஷின் இரைச்சலை மீறிக் கேட்கும் சிரிப்பு அவளுடையது. பூசிய மறுநாள் அந்தச் சிரிப்பு கேட்ட இடத்திலிருந்து ஒரு அலறல் வந்தது. முத்தாத்தாள் ஓடிப்போய்க் கரண்டை நிறுத்துவதற்குள் உருளை வெங்கடலட்சுமியின் வலது கையை இழுத்திருந்தது. பஞ்செல்லாம் சிவந்தது.

முத்தாத்தாள் தன் முந்தானையைக் கிழித்து மணிக்கட்டுக்கு மேல் இறுக்கிக் கட்டினாள். இரண்டு பெண்கள் வெங்கடலட்சுமியைத் தாங்கிப் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். கோயமுத்தூர் பஸ் அப்போதுதான் போயிருந்தது. ரோட்டில் அதன் புழுதி இன்னும் அடங்கவில்லை.

கார் கொட்டகை வாசலில் ஈஸ்வரமூர்த்தி நின்றிருந்தார். ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது.

"அட சாமி! வண்டியைக் கட்டச் சொல்லு, சீக்கிரம்!"

"காரை எடுக்கச் சொல்லுங்க" என்றாள் முத்தாத்தாள்.

"நேத்துப் பூசுனது, அம்மணி. தொட்டா ஒட்டுது. வண்டியில துடியலூர் வரைக்கும் போயிட்டா அங்க ஏதாச்சும் பஸ்ஸு..."

"எங்கம்மா சாகக் கெடந்தப்பவும் இதைத்தானுங்க சொன்னீங்க."

அவள் குரல் எவ்வளவு இறங்கியிருந்தது என்றால், அவர் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் நிமிர்ந்தார். கை இடுப்புச் சாவிக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. எடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

முத்தாத்தாள் காத்திருக்கவில்லை. சுவரோரம் சாய்த்திருந்த கடப்பாரையைத் தூக்கிப் பூட்டின்மேல் இறக்கினாள். கிணற்றுக்கு மண் சுமந்த கை அது. பூட்டு தெறித்துத் தூரப்போய் விழுந்தது. கதவை உதைத்துத் திறந்தாள்.

"அம்மாங்க, முதலாளி சொல்லாம..." என்று இழுத்தார் யூனுஸ்.

"நான் சொல்றேன். ஸ்டார்ட் பண்ணு."

யூனுஸ் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். யூனுஸ் தன்னிடமிருந்த கார் சாவியைப் போட்டுவிட்டு, முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினார்.

வெங்கடலட்சுமியை ஏற்றும்போது முத்தாத்தாளின் இரண்டு உள்ளங்கையும் கதவில் பதிந்து ஒட்டிக்கொண்டன. பிய்த்து எடுத்தாள். சேலை ஒட்டிக் கிழிந்தது. கார் முற்றத்துக்கு வந்ததும் பறந்துகொண்டிருந்த பஞ்செல்லாம் அதன்மேல் அப்பிக்கொண்டது. ரோட்டுக்கு வந்ததும் பஞ்சின்மேல் புழுதி அப்பியது. துடியலூரில் கடைவீதிக்காரர்கள் வெளியே வந்து பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டுக்கடா ஓடுவதுபோல இருந்ததாம். பின்சீட்டில் வெங்கடலட்சுமியின் தலையை மடியில் வைத்திருந்த முத்தாத்தாள், "சிரிக்கறானுக பாரு, சிரிக்கறானுக" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துப் போனார்கள். கட்டைவிரலையும் உள்ளங்கையையும் காப்பாற்ற முடிந்தது. மற்ற விரல்கள் போயின. இன்னும் நேரமாகியிருந்தால் உயிருக்கே மோசமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

வெயில் தாழ ஊர் திரும்பியபோது முற்றத்தில் சீனிவாசலு நின்றிருந்தார். பூச்சு எப்படிக் காய்ந்திருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார்போலும். காரைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! காயறதுக்கு முன்னால வெளிய எடுத்தா நாங்க பொறுப்பில்லீங்க. மொதல்லயே சொல்லியிருக்கறேனுங்க."

முத்தாத்தாள் இறங்கினாள். சேலையெல்லாம் ரத்தம், அதன்மேல் பஞ்சு.

"ஏனுங்க, உங்க காருக்கு இதைப் பூசியிருக்கறீங்களா?"

"என்றகிட்டக் காரு ஏதுங்க? சைக்கிள்தானுங்க."

"சைக்கிளுக்குப் பூசியிருக்கறீங்களா?"

சீனிவாசலு சைக்கிள் பக்கம் பார்த்தார். "பூசாட்டி வெயில்ல வெளுத்துப் போகுமுங்க அம்மா. நெசமாத்தான் சொல்றேன்" என்றார்.

"வெளுக்கட்டுங்க. ஓடி ஓடி வெளுக்கட்டும். உங்க பூச்சைப் பூசி, கொட்டகைக்குள்ள இருந்துக்கிட்டே மஞ்சளாப் போச்சே, அது எதுல சேத்தி? வெடிச்சுப் போச்சே, அது எந்த வெயில்ல? பெயிண்டைக் காப்பாத்த வார்னீஷு, வார்னீஷைக் காப்பாத்தப் பூட்டு, பூட்டைக் காப்பாத்த இவரு. காரு எங்கீங்க இதுல? டின்னை எடுத்துக்கிட்டு நடங்க."

சீனிவாசலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். முத்தாத்தாள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா வாசலைப் பாத்துக்கிட்டே செத்தா. காருல வந்துருவேன்னு பாத்துக்கிட்டே செத்தா. குழந்தையம்மா சொன்னா."

ஈஸ்வரமூர்த்தி ஒரு அடி முன்னால் வந்தார். "என்றகிட்ட நீ சொல்லவே இல்லியே, அம்மணி."

"சொன்னா அழுவீங்க. அந்த அழுகையையும் நானே தொடைக்கோணும். அதுக்குத்தான் சொல்லலை."

அவர் அழுதார். அவள் துடைக்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஈஸ்வரமூர்த்தி துணியும் சீமெண்ணெயுமாகக் காரின் பக்கத்தில் உட்கார்ந்தார். பஞ்சு போகவில்லை. டர்பன்டைன் வாங்கிவரச் செய்து தேய்த்தார். வார்னீஷ் கூழாகி உரிந்தது. உரிந்த வார்னீஷ் அடியிலிருந்த பச்சையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. தேய்த்த இடமெல்லாம் உள்ளிருந்த சாம்பல் நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல விட்டிருந்தால் ஒரு கீறலோடு போயிருக்கும். அந்தக் கீறல் எங்கே இருந்தது என்றுகூட இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். பிறகு அதைச் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடிக்கும் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

முத்தாத்தாள் கார் சாவியை அரவைக் கொட்டகைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், யூனுஸைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொன்னாள். முதலில் தயங்கினார்கள். பிறகு காய்ச்சல்காரர்கள் வந்தார்கள், பிள்ளை வலியோடு பெண்கள் வந்தார்கள். ஒருமுறை காரின் பின்னால் பருத்திக்கொட்டை மூட்டைகூட ஏறியது. "சொறி பிடிச்ச மாதிரி இருக்குதுங்க, இதை ஓட்டிக்கிட்டு டவுனுக்குள்ள போக வெக்கமா இருக்குதுங்க" என்று யூனுஸ் புலம்பினார். ஆனால் வேலையை விட்டுப் போகவில்லை. சும்மா துடைத்துக்கொண்டிருந்த காலத்தைவிட இப்போது அவர் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டார்.

ஊரில் எல்லோரும் முத்தாத்தாளைப் புகழ்ந்தார்கள். கடப்பாரைக் கதை பெருந்துறைச் சந்தை வரைக்கும் போனது. கை ஆறிய பிறகு வெங்கடலட்சுமி கொட்டகைக்கு வந்தாள். அவள் புகழவில்லை.

"எல்லாரும் காரைப் பத்தியே பேசறாங்க அம்மா. பெயிண்டு போச்சாமே, வார்னீஷு போச்சாமேன்னு என்றகிட்டயே துக்கம் விசாரிக்கறாங்க. என்ற வெரலுக போனதைக் கேக்கறதுக்கு ஆளில்லை." கட்டுப் பிரித்த கையை நீட்டினாள். "காருக்கு மூணு தடவை பூச்சு பூசினீங்க. இந்த மெஷினுக்கு முன்னால ஒரு பலகை அடிக்க உங்க யாருக்கும் தோணலியே."

கொட்டகையில் வேலை நின்றுபோனது. மற்றப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்தாத்தாளுக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. வாய்வரை ஒரு சூடான பதில் வந்தது. கொட்டகைக்குள் இருப்பதெல்லாம் தன் பொறுப்பு என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவள் அவள்தான். அந்தப் பதிலை விழுங்கினாள்.

அன்றே தச்சாசாரி வந்தார். ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும், பருத்தி போகும் அளவுக்கு மட்டும் சந்து விட்டுப் பலகை அடித்தார். கார் கொட்டகைக் கதவையே பிரித்து அந்தப் பலகையை எடுத்தார்கள். வெங்கடலட்சுமிக்குப் பஞ்சைத் தரம் பிரித்து மற்றவர்களை மேய்க்கும் வேலை கொடுத்தாள் முத்தாத்தாள். அதை அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முத்தாத்தாளும் அதை எதிர்பார்க்கவில்லை. வெகுநாள்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

புருஷனிடம் பேச்சு திரும்ப வந்தது. பருத்தியைப் பற்றி, கிணற்றைப் பற்றி, மழையைப் பற்றி. தாராபுரத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

முப்பத்தொன்பதில் அடுத்த தோட்டத்துத் தம்பிதுரை கார் வாங்கினார். கருப்பு நிறம், பார்த்தால் முகம் தெரியும். வார்னீஷ் பூசினால் நல்லதா என்று கேட்க ஈஸ்வரமூர்த்தியிடம் வந்தார். ஈஸ்வரமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "அவளைக் கேளுங்க" என்றார்.

"நெழல்ல நிறுத்துங்க. பச்சத் தண்ணியில கழுவி மெத்துன துணியில தொடைங்க. காக்கா எச்சம் விழுந்தா அன்னைக்கே தொடச்சுருங்க. வேற எதுவும் வேண்டாமுங்க" என்றாள் முத்தாத்தாள்.

தம்பிதுரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுப் போய்ப் பூசத்தான் செய்தார். சீனிவாசலுவின் சைக்கிள் அந்தப் பக்கம் போனதை அவளே பார்த்தாள்.

அந்த மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் தம்பிதுரையின் மனைவி சாந்தாமணி வரப்பின்மேல் ஓடிவந்தாள். அவள் மாமனாருக்குக் காய்ச்சலில் நினைவு தப்பிவிட்டதாம். கோயமுத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும், கார் கொடுங்கள் என்றாள்.

"உங்க காரு என்னாச்சு?"

சாந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். "முந்தாநேத்துத்தானுங்க பூசுனாங்க. இன்னும் காயலீங்க."

முத்தாத்தாள் ஆணியிலிருந்து சாவியைப் பிடுங்கி யூனுஸிடம் எறிந்தாள். தானும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள்.

"நீங்க எதுக்குங்க அம்மா?" என்றார் யூனுஸ்.

"தம்பிதுரைகிட்ட நாலு வார்த்தை கேக்கோணும்."

"நோயாளியை ஆஸ்பத்திரியில சேத்துப்போட்டு வந்து கேட்டுக்கலாமுங்க."

"ஏத்திக்கிட்டே கேக்கறேன். நீ ஓட்டு" என்றாள் அவள்.